பிஸ்கட் இணைப்பில் பிடிப்பும் மட்டமும்: மலைப்பட்டறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய ஊர்களின் மரப்பட்டறைகளுக்கு பிஸ்கட் ஜாயினர் புதிய கருவி அன்று. இரு பலகைகளின் விளிம்பில் காடி என்னும் மெல்லிய பள்ளத்தை வெட்டி, அதில் ‘பிஸ்கட்’ என்னும் மரச்சில்லைச் செருகி ஒட்ட உதவுவது அது. மேசைப் பலகைகளைச் சேர்க்கவும், அலமாரிப் பெட்டிகளைக் கோக்கவும், தங்கும் விடுதிகளுக்கான கட்டில் தலைப்பலகைகளைச் செய்யவும் அது பயன்படுகிறது. கருவியோடு வரும் கையேடோ, ஆண்டு முழுவதும் ஈரப்பதம் அதிகம் மாறாத, கதகதப்பான அறையில் வேலை நடப்பதாகக் கருதிக்கொண்டு எழுதப்பட்டது. ஆடி மாதத்தில் மேகமே வாசல் வழியாக உள்ளே வந்து போகும் தகரக் கூரைப் பட்டறைக்கு அது பாதி அளவே உதவும். மலையில் இந்த இணைப்பில் காணப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈரமும் குளிரும் காரணம் என்பதும், எஞ்சியவற்றில் பலவற்றுக்குப் பலகையின் எந்த முகத்தைக் கருவியில் பதித்தோம் என்பது காரணம் என்பதும் என் கணிப்பு. ஆகவே, கருவியைக் குறை சொல்லி வேறொன்று வாங்குவதற்கு முன், கீழே அறிகுறி வாரியாகக் கூறியுள்ள சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

அதற்கு முன் சில அளவுகள் மனத்தில் இருக்க வேண்டும். பிஸ்கட் என்பது பீச் (beech) மரத்தை அழுத்திச் செய்த, இரு முனையும் ஒடுங்கிய சில்லு. 1950-களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் தச்சர் ஹெர்மன் ஸ்டைனர் உருவாக்கிய முறை இது. தடிமன் எல்லா அளவிலும் ஏறத்தாழ 4 மி.மீ. ‘0’ எண் சில்லு 47 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும் உடையது, ‘10’ எண் 53-க்கு 19, ‘20’ எண் 56-க்கு 23. மரத்தின் நார் சில்லின் நீளத்துக்குச் சாய்வாக ஓடும்படி வெட்டியிருப்பதால், இணைப்புக் கோட்டின் வழியே அது எளிதில் பிளப்பதில்லை. நீர் கலந்த வெள்ளைப் பசை பட்டதும், அழுத்தி வைத்த சில்லு ஊறிய அவலைப் போல உப்பிக் காடியின் சுவர்களை இறுகப் பற்றுகிறது.

காடியை வெட்டும் பிளேடு பொதுவாக 100 மி.மீ. விட்டமுடையது. 12 மி.மீ. ஆழத்துக்கு அது இறங்கும்போது, மர விளிம்பில் காடியின் நீளம் 65 மி.மீ. அளவுக்கு வரும். 56 மி.மீ. நீளமுள்ள சில்லு அதற்குள் இருபுறமும் 4 மி.மீ. வரை நகர முடியும். தடிமன் திசையிலோ சில்லுக்கு அசைய இடமில்லை. எனவே, பிஸ்கட் இரு பலகைகளின் முகங்களை ஒரே மட்டத்தில் நிறுத்தும். அவற்றின் முனைகளை நேராக நிறுத்தும் பொறுப்பு, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போடுகிறவருடையது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, “பிஸ்கட் போட்டும் முனை வழுக்கிவிட்டதே” என்று வியப்பதில் பொருளில்லை.

இரண்டு முகங்களும் ஒரே மட்டத்தில் சேரவில்லை

இணைப்பின் குறுக்கே விரல் நகத்தை இழுத்தால் ஒரு படி தட்டுப்படுகிறது. உப்புத்தாளை எடுப்பதற்கு முன், அந்தப் படி இணைப்பின் நீளம் முழுவதும் ஒரே அளவில் இருக்கிறதா, இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். காரணத்தைத் தேட வேண்டிய திசையை இந்த ஒரு கேள்வியே காட்டிவிடும்.

முழு நீளத்திலும் ஒரே அளவான படி என்றால், இரு பலகைகளின் வெவ்வேறு முகங்களிலிருந்து காடி எடுக்கப்பட்டிருக்கும். ஒரு பலகை 20 மி.மீ. தடிமனும் மற்றது 19.4 மி.மீ. தடிமனும் உள்ளவை என்று கொள்வோம். கருவியின் முன்புறம் மடங்கி நிற்கும் ஃபென்ஸ் தகட்டை ஒன்றில் மேல்முகத்திலும் மற்றொன்றில் அடிமுகத்திலும் பதித்து வெட்டினால், 0.6 மி.மீ. வேறுபாடு முழுவதும் மேல்முகத்தில் வந்து நிற்கும். இரண்டிலும் மேல்முகத்திலேயே பதித்திருந்தால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்குப் போயிருக்கும். பலகைகளை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றின் மேலும் பரவும்படி சாக்பீஸால் ஒரு பெரிய முக்கோணம் வரைந்துவிட்டால், வரிசையும் மேல்முகமும் ஒருங்கே குறிக்கப்பட்டுவிடும்; பிறகு ஃபென்ஸ் எப்போதும் அந்தக் கோடு தெரியும் முகத்தில்தான் பதிய வேண்டும்.

சிலர் ஃபென்ஸை மடக்கி வைத்துவிட்டு, பலகையையும் கருவியையும் மேசைமீது வைத்து வெட்டுகின்றனர். பிளைவுட்டுக்கும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகைக்கும் அது விரைவான வழி. கட்டை மரத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சற்றே வளைந்த பலகை மேசையைத் தொடாமல் நிற்கும் இடத்திலெல்லாம் காடி இடம் மாறிவிடும். மேசையில் கிடக்கும் ஒரு சிறு மரச்சுருளும் அதே வேலையைச் செய்துவிடும்.

படி இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால், முதலில் கையைச் சந்தேகிக்க வேண்டும். கருவியின் கனம் பின்புறத்தில் இருப்பதால், வலது கையால் தள்ளும்போதே அதைச் சற்றுத் தூக்கிவிடுவது இயல்பு. இடது கை ஃபென்ஸைப் பலகையின்மேல் அழுத்திப் பிடிக்க, வலது கை தள்ளுவதை மட்டும் செய்ய வேண்டும். உடைந்த துண்டுப் பலகை ஒன்றில் ஒரு காடி வெட்டி அதன் அகலத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொண்டு, அதே இடத்தில் கருவியை மீண்டும் ஒருமுறை இறக்கிப் பார்க்கலாம். இரண்டாம் முறையில் காடி அகன்றுவிட்டால் பிடிப்பில் பிழை இருக்கிறது. முதல் வெட்டிலேயே அது 4.2 மி.மீ.க்கு மேல் இருந்தால், பிளேடு ஆடுகிறது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பிளேட்டைக் கழற்றி, அது அமரும் வாஷரில் ஒட்டியிருக்கும் பிசினைத் துடைக்க வேண்டும். ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிக்கொள்ளும் மலிவான ஜாயினர் தலைகளில் இந்த ஆட்டம் பிறவிக் குறை. அவற்றை வைத்துக்கொண்டு மட்டம் எதிர்பார்ப்பது வீண்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பிஸ்கட்டின் ஒரு முனையில் இடப்பலகை உயர்ந்தும், மறு முனையில் வலப்பலகை உயர்ந்தும், இணைப்பு முறுக்கிக்கொண்டது போலத் தோன்றும். ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இல்லை என்பது இதன் பொருள். எதிரெதிராக நிற்கும் இரு பலகைகளிலும் ஒரே சாய்வு வெட்டப்படுவதால், சேர்க்கும்போது பிழை இரு மடங்காகத் தெரியும். காடியின் இடது முனையிலிருந்தும் வலது முனையிலிருந்தும் பலகையின் முகம் எவ்வளவு தூரம் என்று தனித்தனியே அளந்தால், இரண்டுக்கும் இடையே 0.2 மி.மீ. வேறுபாடு இருந்தாலும் போதும், ஃபென்ஸைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

பிஸ்கட் காடிக்குள் போக மறுக்கிறது

தென்மேற்குப் பருவமழை ஊட்டியையும் கூடலூரையும் நனைக்கும் மாதங்களிலும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் கொட்டும் மாதங்களிலும் இந்தப் புகார் அதிகம் எழும். சென்ற மாதம் தடையின்றி நுழைந்த அதே பிஸ்கட் இப்போது சுத்தியால் தட்டினால்தான் இறங்குகிறது என்றால், காடி சுருங்கவில்லை. திறந்த பொட்டலத்தில் கிடந்த பிஸ்கட் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. பொட்டலத்திலிருந்து சிலவற்றை எடுத்து வெர்னியரில் அளந்தால் ஐயம் தீரும். 4 மி.மீ. அளவில் இருக்க வேண்டியது 4.3-ஐத் தாண்டியிருந்தால் அதைத் தேய்த்துச் செருக முயலக் கூடாது. தேய்த்தால் ஒருபுறம் மெலிந்து மட்டமும் போய்விடும்.

சிறிது உப்பியதை மீட்கலாம். தகரத் தட்டில் பரப்பி, எரியும் குண்டு பல்புக்குச் சற்று மேலே ஓர் இரவு வைத்தால் பெரும்பாலானவை பழைய தடிமனுக்கு அருகில் வந்துவிடும். நன்றாக நனைந்து முழுமையாக உப்பியவை உலர்ந்தாலும் பழைய அழுத்தத்துக்குத் திரும்புவதில்லை. அவற்றை அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். இருப்பு வைக்க, இறுக மூடும் டப்பாவும் அதற்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். ஒரு நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு உடனே மூடிவிட வேண்டும்.

பிஸ்கட்டின் தடிமன் சரியாக இருந்தும் நுழையவில்லை என்றால் பிளேட்டைப் பார்க்க வேண்டும். பலமுறை சாணை பிடித்த பிளேடின் பற்கள் மெலிந்து, காடி குறுகிவிடும். வேறு வழி இல்லை, புதிய பிளேடுதான்.

பிஸ்கட் காடிக்குள் ஆடுகிறது

உலர்ந்த நிலையில் சற்றுத் தளர்வாக இருப்பதில் தவறில்லை. பசையின் நீர் அதைச் சரிசெய்துவிடும். ஆனால் அது உண்மையில் உப்பக்கூடிய பிஸ்கட்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு டம்ளர் நீரில் ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், நல்ல சில்லு கண்ணுக்குத் தெரியும்படி தடித்து, அதே காடியில் நுழைய மறுக்கும். பிளைவுட் துண்டை அதே வடிவில் வெட்டி விற்கும் போலிச் சில்லு ஏறக்குறைய அப்படியே இருக்கும். எப்பாக்ஸி பசையையோ பாலியூரித்தேன் பசையையோ பயன்படுத்துகிறவர்கள், அவற்றில் பிஸ்கட்டை ஊற வைக்கும் நீர் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாலியூரித்தேன் நுரைத்து இடைவெளியை நிரப்புவது போலத் தோன்றினாலும், அந்த நுரைக்கு வலு கிடையாது.

கிளாம்ப் போட்டும் இணைப்பு மூடவில்லை

பசையில்லாமல் சேர்த்துப் பார்க்கும்போதே இடைவெளி இருந்தால் காடியின் ஆழம் போதவில்லை, அல்லது அடியில் குப்பை இருக்கிறது. ஈரம் மிகுந்த சில்வர் ஓக் பலகையில் பிளேடு உதிரித் தூளாக வெட்டாமல் நாராக இழுத்துக் காடியின் அடியில் அடைத்துவிடும். மெல்லிய குச்சியால் ஒருமுறை கிளறி ஊதுவது அவசியம். ஆழத்தைச் சோதிக்க ஒரு பென்சில் போதும். பிஸ்கட்டைக் காடியில் முடிந்தவரை உள்ளே தள்ளி, மர விளிம்பை ஒட்டி அதன்மேல் ஒரு கோடு போட வேண்டும். பிறகு அதை வெளியே எடுத்து, மறுபக்கம் உள்ளே போகும்படி திருப்பிச் செருக வேண்டும். முதலில் போட்ட கோடு இப்போது காடிக்குள் மறைந்துவிட வேண்டும். மறையாமல் வெளியே தெரிந்தால் காடி பிஸ்கட்டின் பாதியைக்கூட ஏற்கவில்லை என்பது பொருள். இரண்டாவது கோடும் போட்டுப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே 1 முதல் 1.5 மி.மீ. இருப்பது நல்ல அமைப்பு. அந்தச் சிறு மிச்சம் பசை ஒதுங்குவதற்கான இடம்.

உலர்ந்த நிலையில் மூடிய இணைப்பு, பசை போட்டபின் மூடவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். காடியின் அடியில் பசை குளமாகத் தேங்கிப் பிஸ்கட்டைத் தள்ளுகிறது. அல்லது, எல்லாக் காடிகளுக்கும் நிதானமாகப் பசை தடவிக்கொண்டிருந்த நேரத்தில் முதலில் செருகிய பிஸ்கட்டுகள் உப்பிவிட்டன. குளிரில் பசை காய நேரமாகும் என்பதை நம்பி மெதுவாக வேலை செய்வது இங்கே உதவாது. பசை காயாவிட்டாலும் சில்லு உப்புவது நிற்பதில்லை. பெரிய அலமாரிப் பெட்டியை ஒரே மூச்சில் ஒட்டாமல் இரண்டு பகுதியாகப் பிரித்து ஒட்டலாம். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

ஒட்டிய இணைப்பு விட்டுவிட்டது

விட்டுப்போன இணைப்பைத் துடைத்து உடனே மீண்டும் ஒட்டும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். உடைந்த இரு பரப்புகளையும் வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தால், காரணம் அவற்றிலேயே தெரியும்.

பசை இருந்த இடம் சாக்பீஸ் பொடி போல வெளுத்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து வருகிறதென்றால், அது குளிரின் வேலை. வெள்ளைப் பசைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே படலமாகத் திரளாமல் பொடியாகவே காய்ந்துவிடும். நன்கு திரண்ட பசைப்படலம் கண்ணாடி போல ஓரளவு ஊடுருவித் தெரியும். பொடிந்ததோ சுண்ணாம்பு பூசியது போலிருக்கும். மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் புல்வெளியில் உறைபனி படியும் இரவுகளில், மாலை ஆறு மணிக்கு ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், பசை உறுதிப்பட வேண்டிய நேரம் முழுவதும் அந்த வரம்புக்குக் கீழேதான் கழியும். மறுநாள் கிளாம்பைக் கழற்றும்போது இணைப்பு நன்றாகவே தோன்றும். சில வாரங்களில் ஒருமுறை தட்டினாலே பிரிந்துவிடும்.

குளிர்காலத்தில் ஒட்டும் வேலையைக் காலை பத்து மணி வெயிலில் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய நாளே பசை டப்பாவைச் சிமெண்டுத் தரையிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். காற்றின் சூடு போதாது. மரத்தின் சூடுதான் கணக்கு. இரவெல்லாம் குளிர்ந்த பலகை, பட்டறை சூடான பிறகும் சில மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். ஒட்டிய பொருளின்மேல் கம்பளியோ தார்ப்பாயோ கூடாரமாகக் கவிழ்த்து, தீப்பிடிக்காத தூரத்தில் ஒரு 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டால், ஓர் இரவுக்கு 15 டிகிரிக்கு மேல் வைத்திருக்க முடியும். இதற்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிவிட்டு யாரும் அங்கே படுத்துவிடக் கூடாது. அந்தப் புகையற்ற நச்சுக் காற்று உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

பசைப்படலம் பளபளப்பாகத் திரண்டிருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டி, எதிர்ப்பக்க மரம் தூய்மையாக இருக்கிறதென்றால், அந்தப் பக்கத்தைப் பசை நனைக்கவில்லை. பிஸ்கட்டைப் பசையில் முக்கிச் செருகிவிட்டு, காடியின் சுவர்களில் தடவாமல் விடுகிறவர்களுக்கு இது நேரும். பசையைக் காடியின் இரு சுவர்களிலும் மெல்லிய தூரிகையால் தடவ வேண்டும். விளிம்பு முழுவதிலும் தடவ வேண்டும். தேக்கிலும் ஈட்டியிலும் எண்ணெய்ப் பசை இயல்பாகவே உண்டு. ஆதலால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்து, அது ஆவியானவுடன் பசை போடுவது நல்லது. காடியின் சுவர் கருகிப் பளபளத்திருந்தாலும் பசை ஊறாது. மழுங்கிய பிளேடோ, மிக மெதுவாகத் தள்ளியதோ அதற்குக் காரணம்.

பிஸ்கட்டோடு காடியின் சுவரும் பெயர்ந்து வந்திருந்தால் பசையைக் குறைகூற முடியாது. காடி முகத்துக்கு மிக அருகில் இருந்திருக்கும், அல்லது எம்.டி.எஃப் போன்ற, உள்ளே வலுவற்ற பலகை தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமை ஏற்றப்பட்டிருக்கும். 12 மி.மீ. பலகையில் நடுவே 4 மி.மீ. காடி எடுத்தால் இருபுறமும் 4 மி.மீ. மட்டுமே மிஞ்சும்; அதில் பிஸ்கட் உப்பும் விசையையும் சேர்த்தால், முகத்தில் மேடு தட்டுவதற்கும் விளிம்பு பிளப்பதற்கும் அதுவே போதும்.

பிஸ்கட்டே நடுவில் முறிந்திருந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, சில்லு மட்டும் சிறிது என்று பொருள். ‘20’ எண்ணுக்கு மாறலாம், 25 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள மரத்தில் இரண்டு வரிசையாகப் போடலாம். ஆனால் நாற்காலிக் காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடம், கட்டில் காலும் பக்கச் சட்டமும் சேரும் இடம் ஆகியவற்றில் எத்தனை பிஸ்கட் போட்டாலும் ஆட்டம் தாங்காது. அங்கே துளையும் கழுந்தும் போட்ட பழைய இணைப்புக்கு மாற்று கிடையாது என்பதில் எனக்கு ஐயமில்லை. மறுபுறம், மேசைப் பலகைகளை நீளவாட்டில் ஒட்டும்போது வலு முழுவதும் விளிம்போடு விளிம்பு சேரும் பசையிலிருந்தே வருகிறது. அங்கே பிஸ்கட் மட்டத்துக்காக மட்டும். அதனால், வலு வேண்டி நான்கு அங்குலத்துக்கு ஒன்று போடுவது பிஸ்கட்டுக்கும் உழைப்புக்கும் கேடு. 150 முதல் 200 மி.மீ. இடைவெளி போதும், பலகை வளைந்திருந்தால் மட்டும் நெருக்கலாம்.

பாலிஷ் போட்டபின் பிஸ்கட் வடிவில் பள்ளங்கள் தெரிகின்றன

ஜன்னலோரம் சாய்ந்து விழும் காலை வெளிச்சத்தில் மேசையின் மேல்முகத்தைத் தாழ்ந்து பார்த்தால், இணைப்புக் கோட்டின்மேல் வரிசையாக, கட்டைவிரல் நீளத்தில், நீள்வட்ட நிழல்கள் தெரியும். கையால் தடவினால் பெரும்பாலும் தெரியாது; பாலிஷின் பளபளப்புதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பிஸ்கட் உப்பும்போது அதற்கு மேலுள்ள மரமும் பசை நீரை உறிஞ்சி மெல்லிய மேடாகிறது. அந்த மேடு இருக்கும்போதே இழைப்புளியோ சாண்டரோ ஓட்டினால் அதைச் சீவிவிடுகிறோம். பின்னர் நீர் வெளியேறி மரம் சுருங்கும்போது, சீவிய இடம் பள்ளமாக இறங்குகிறது. சமவெளியில் மூன்று நாட்கள் பொறுத்தால் போதும் என்பார்கள். மழைக்காலத்தில் மலையில் பசை நீர் வெளியேறும் வேகம் மிகக் குறைவு; ஒரு வாரத்துக்குக் குறையாமல் காத்திருப்பதும், அதுவரை ஒட்டிய பலகையை இருபுறமும் காற்றுப்படும்படி ரீப்பர் சட்டங்கள்மேல் வைப்பதும் என் விதி. காடியைத் தடிமனின் நடுவிலிருந்து சற்றுக் கீழே இறக்கி வெட்டினால் மேல்முகத்துக்குக் கூடுதல் மரம் கிடைக்கும். 18 மி.மீ. பலகைக்கு ‘10’ எண் சில்லே போதும். சில்லு சிறிதானால் பசையும் நீரும் குறையும்.

பள்ளம் விழுந்த பிறகு அந்த இடத்தை மட்டும் மெழுகாலோ புட்டியாலோ நிரப்புவது பயனற்றது. சில வாரங்கள் காயவிட்டு, பாலிஷை நீக்கி, மேல்முகம் முழுவதையும் மீண்டும் மட்டமாகத் தேய்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் செய்த மேசை மாசியில் பிளக்கிறது

இது இணைப்பின் பிழை போலத் தோன்றினாலும் மரத்தின் ஈரக் கணக்கைச் சேர்ந்தது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நெடுநாள் நின்றால் மரம் ஏறத்தாழ 20 சதவீத நீரை ஏற்று அமரும். 65 சதவீதத்தில் 12 சதவீதம். 50 சதவீதத்தில் 9. ஜூலையில் குன்னூர்ப் பட்டறையில் ஒட்டி, மார்ச்சில் கோயம்புத்தூர் வீட்டில் நிற்கும் மேசை இந்த வேறுபாட்டில் பெரும்பகுதியைக் கடந்து வந்திருக்கும். 600 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை அந்தப் பயணத்தில் பல மில்லிமீட்டர் குறுகும். தைல மரமோ இன்னும் மோசம். முழுமையாக உலராத தைல மரப் பலகையில் பிஸ்கட் போடுவதையே தவிர்ப்பேன்.

பலகைகளை நீளவாட்டில் சேர்த்த பிஸ்கட்டுகள் இந்தச் சுருக்கத்துக்குத் தடையல்ல. எல்லாம் சேர்ந்தே குறுகும். பிளவு விழுவது, மேசையின் இரு முனைகளிலும் குறுக்காக ஒரு சட்டத்தை பிஸ்கட் போட்டு முழு அகலத்துக்கும் ஒட்டிவிட்ட இடத்தில். குறுக்குச் சட்டம் நீளவாட்டில் சுருங்காது. மேசைப் பலகை அகலவாட்டில் சுருங்கியே தீரும். பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கும். நடுவில் இரண்டு பிஸ்கட்டை மட்டும் ஒட்டி, ஓரங்களில் உள்ளவற்றைப் பசையில்லாமல் செருகினால், மட்டமும் நிற்கும், பலகையும் நகரும். வேலை தொடங்கும் முன் ஈரப்பத மீட்டரில் 14 சதவீதத்துக்குக் கீழே காட்டும் மரத்தை மட்டும் மலை வீடுகளுக்கும், 12-க்குக் கீழே காட்டுவதைச் சமவெளிக்கும் எடுத்துக்கொள்ளலாம். அட்டியில் மேலாக இருக்கும் பலகையை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது. நடுவிலிருந்து ஒன்றை உருவி, முனையைச் சிறிது அறுத்து, புதிதாகத் தெரியும் வெட்டில் அளக்க வேண்டும்.

45 டிகிரி மூலையில் பிளேடு வெளியே எட்டிப் பார்க்கிறது

காடி சாய்வு முகத்தின் நடுவில் எடுக்கப்பட்டதால் வந்த வினை. 18 மி.மீ. பலகையில் சாய்வின் நடுவிலிருந்து வெளிமுகத்துக்கு 12.7 மி.மீ. ஆழமே உண்டு, ‘20’ எண் காடிக்கு 12 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பதால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. உள்மூலைப் பக்கமாக நகர்த்தி, உள்முகத்திலிருந்து 5 மி.மீ. அளவில் காடி விழும்படி அமைத்தால், 18 மி.மீ.க்கு மேல் ஆழம் கிடைக்கும். அதற்கும் மேல் எச்சரிக்கை வேண்டுமானால் ‘0’ எண்ணைப் பயன்படுத்தலாம்.

காடி தவறான இடத்தில் விழுந்துவிட்டது

நீளத் திசையில் 3 மி.மீ. வரையிலான பிழையைக் காடியின் இயல்பான தளர்வே ஏற்றுக்கொள்ளும்; ஒன்றும் செய்ய வேண்டாம். அதைவிட அதிகமானாலோ, தடிமன் திசையில் தவறினாலோ, அந்தக் காடியில் முழுப் பிஸ்கட் ஒன்றைப் பசையிட்டுச் செருகி, மறுநாள் வரை காயவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, உளியால் விளிம்போடு மட்டமாகச் சீவ வேண்டும். அதன்பின் சரியான இடத்தில் கருவியை இறக்கலாம். பழைய காடியின் ஒரு பகுதி புதியதன்மேல் படிந்தாலும் பிளேடு தடையின்றி வெட்டும். முகத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்ட காடிக்கு மட்டும் இந்த வழி போதாது, ஏனெனில் பீச்சின் வெளிறிய நிறம் தேக்கின் பழுப்பில் பாலிஷுக்குப் பின் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தில் அதே பலகையின் கழிவிலிருந்து நாரோட்டம் பொருந்த ஒரு சில்லை வெட்டி ஒட்டுவதே தகும்.